பொய்ப்பல் பாறைக்கு வாங்கிய லென்ஸ்

என் கணவன் கிளைவ் அந்தக் கேமரா லென்ஸைச் சமையலறை மேசைமேல் வைத்தபோது, டிராக்டரிலிருந்து எதையோ கழற்றிக்கொண்டு வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். முழங்கை நீளம் இருந்தது. தூக்கிப் பார்த்தால் பிறந்த குழந்தையின் கனம். அடிலெய்டில் பறவை பார்க்கிற வக்கீல் ஒருவர் கழுத்துவலி வந்து விற்றுவிட்டாராம்.

"எதுக்கு இவ்வளவு பெரிசு?" என்றேன்.

"கிளிஃப் மேட்டுலேருந்து பாறை எவ்வளவு தூரம்னு நெனைச்சே, ரே? போன்ல எடுத்தா டீகன் ஒரு எறும்பு. இதுல எடுத்தா கண்ணிமை தெரியும்."

டீகன் எங்கள் ஒரே மகள். ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்ததும் நேராகக் கடலுக்குப் போய்விடுவாள். எங்கள் ஹார்கட் விரிகுடாவில் பொய்ப்பல் பாறைமேல் உடைகிற அலையில் பலகைமேல் நின்று ஏறுகிற ஒரே பெண் அவள்தான். அந்தப் பாறையில் முதன்முதலாக அலையேறிய ஆள் தன் முன்பற்களை அங்கேயே விட்டுவிட்டுக் கரைக்கு வந்தார். பெயர் அப்படி வந்தது. அலை அங்கே சும்மா உடைந்து ஓடாது. எழுந்து, வளைந்து, உள்ளே ஓர் ஆள் நிற்கிற அளவுக்குக் குழாய்போலச் சுருளும். அந்தக் குழாய்க்குள் டீகன் நிற்கிற ஒரு படம் வேண்டும். கிளைவ் ஆசைப்பட்டது அவ்வளவுதான். செப்டம்பரில் வசந்தம் வந்தால் அவள் டார்வினுக்கு வேலை மாற்றிக்கொண்டு போகிறாள். அங்கே முதலை உண்டு, அலை கிடையாது. கையில் இருந்தது அந்த ஒரு குளிர்காலம்தான்.

கிளைவும் இளவயதிலிருந்து அந்தப் பாறையில் அலையேறியவன். அவனும் டாரில் ஹேக்கெட்டும் ஒரே வண்டியில் போவார்கள். கால் வழுக்காமல் இருக்க ஒரே மெழுகுக் கட்டியை இரண்டாக உடைத்துப் பலகையில் தேய்த்துக்கொள்வார்கள். கடலில் ஒரு சட்டம் உண்டு. அலை உடைகிற முனைக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே அந்த அலை சொந்தம். அவருக்கு முன்னால் வேறு யாரும் குறுக்கே ஏறக் கூடாது. ஓர் ஆகஸ்டில், பெரிய அலை ஒன்றில் கிளைவ் வந்துகொண்டிருந்தபோது டாரில் குறுக்கே ஏறினான். போக வழியில்லாமல் கிளைவ் பாறைமேல் விழுந்தான். முழங்கால் சில்லு சில்லாகப் போயிற்று. விமானத்தில் அடிலெய்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறுவை மேல் அறுவை. இப்போது படியேறலாம், கோதுமை லாரி ஓட்டலாம். பலகைமேல் எழுந்து நிற்க மட்டும் முடியாது. டாரில் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து இருவரும் பேசுவதில்லை. எங்கள் ஊர் அளவுள்ள ஊரில் ஒருவனோடு பேசாமல் இருப்பது லேசான வேலை இல்லை. பெட்ரோல் போடுகிற இடத்தில், ஃபுட்பால் மைதானத்தில், சாவு வீட்டில், எங்கே போனாலும் அந்த ஆள் நிற்பான். மின்கம்பத்தைப் பார்ப்பதுபோல அவனைப் பார்க்கக் கிளைவ் பழகியிருந்தான். டாரில் இன்னும் பொய்ப்பல்லில் அலையேறிக்கொண்டிருந்தான். கடலில் கூட யார் இருந்தார்கள் என்று டீகனிடம் கிளைவ் கேட்கமாட்டான். அவளும் சொல்லமாட்டாள்.

சரி, லென்ஸுக்கு வருகிறேன்.

முதல் சில நாட்கள் எடுத்ததெல்லாம் வெறும் தண்ணீர். லென்ஸை முழுக்க நீட்டினால், அது காட்டுவது கடலில் ஒரு கைக்குட்டை அகலம். அதற்குள் ஆளைத் தேடிப் பிடிப்பதற்குள் அலை முடிந்து, நுரையும் அடங்கிவிடும்.

"எங்கே அவ? எங்கே அவ?"

"இடது பக்கம்."

"எவ்வளவு இடது?"

"பாறையில ஒரு நீர்க்காகம் உட்கார்ந்திருக்கு பாரு, அதுக்கு நேர் கீழே."

"நீர்க்காகத்தையே காணோம் ரே!"

பிறகு லென்ஸைச் சுருக்கி வைத்து ஆளைப் பிடித்துக்கொண்டு, அப்புறம் நீட்டக் கற்றுக்கொண்டான். அதற்குள் திருகுகிற வளையத்தில் மணல் புகுந்து, பழைய ஊறுகாய் ஜாடி மூடிபோல இறுகிப் போயிற்று. அதைச் சரிபண்ணினால் காற்று. தெற்கிலிருந்து வீசுகிற காற்றில் ட்ரைபாட் தந்திபோல அதிரும். அதன் நடுவில் ஒரு வாளி மணலைக் கட்டித் தொங்கவிட்டான். காற்று நின்றால் வெயில். வெயில் ஏறினால் கடலுக்கு மேலே காற்று கானலாக நெளியும். லென்ஸ் அந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கும். எல்லாம் சரியாக அமைந்த ஒரு காலையில் ஃபோகஸ் போய் முன்னால் தெறித்த நுரையைப் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு குமிழும் எண்ணிப் பார்க்கலாம்போல அத்தனை தெளிவு. பின்னால் என் மகள் ஒரு கறுப்புக் கறை.

அன்று அவன் திட்டியதில் கிளிஃப் ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த செம்மறிகள் எழுந்து போய்விட்டன.

ஒரே ஒரு படம் கொஞ்சம் பரவாயில்லை என்று ஊர் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டான். அதில் டீகனுடைய குதிகாலும் பலகையின் வாலும் இருந்தன. மற்றதெல்லாம் படத்துக்கு வெளியே. மறுநாள் பேக்கரிக்குள் நுழைந்ததும் ஷெரில் ஆரம்பித்துவிட்டாள்.

"வாப்பா குதிகால் போட்டோகிராபர்! இந்த வாரம் என்ன, முழங்கையா?"

"ரெண்டு கறி பேஸ்டி குடு. வாயை மூடிக்கிட்டுக் குடு."

"தக்காளி சாஸ் வேணுமா? இல்ல, அதையும் தூரத்துலேருந்து பார்த்துக்குவியா?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வண்டியில் ஏறிய பிறகு கிளைவ் பேஸ்டியைத் தொடவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது டீகன் சொன்னாள், "அப்பா, விட்டுத் தொலையேன். அந்தப் பாறையிலேருந்து நான் முழுசா திரும்பி வர்றதே பெரிசு. போட்டோ யாருக்கு வேணும்?"

"எனக்கு வேணும்."

"ஏன், நான் எப்படி இருப்பேன்னு மறந்துடுவியா?"

கிளைவ் உருளைக்கிழங்கை முள்ளால் நசுக்கிக்கொண்டே இருந்தான். "நான் அத்தனை வருஷம் அங்கே இருந்தேன்ல. எனக்கு ஒரு போட்டோகூட இல்ல. எவனும் எடுக்கல. இப்போ நான் சொன்னாத்தான் உண்டு. கேக்கறவன் நம்பினாத்தான் உண்டு."

அவனோடு அவ்வளவு காலம் குடித்தனம் நடத்தியும் இது எனக்குத் தெரியாது. மறுநாள் டீகன் ஒரு சிவப்பு டேப் வாங்கிவந்து பலகையின் முனையில் சுற்றிக்கொண்டாள், அப்பா தன்னைக் கண்டுபிடிக்கட்டும் என்று. எங்கள் கடல் ஐஸ் தண்ணீர். குளிர்காலத்தில் எல்லோரும் தலைமுதல் கால்வரை கறுப்பு ரப்பர் உடையும் முக்காடுமாகத்தான் இறங்குவார்கள். அத்தனை தூரத்திலிருந்து பார்த்தால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசம் கிடையாது.

ஜூலை கடைசியில் அந்தப் பெரிய நாள் வந்தது. தெற்கே எங்கோ அடித்த புயலின் அலை. பொய்ப்பல் உடைகிற சத்தம் எங்கள் படுக்கையறை வரைக்கும் கேட்டது. விடிந்தும் விடியாமல் கிளைவ் கிளிஃப் மேல் இடம் பிடித்துவிட்டான். நான் பக்கத்தில் துண்டோடு நின்றேன். லென்ஸின் முன்கண்ணாடியில் விழுகிற உப்புத் துளியைத் துடைப்பது என் வேலை. ஊரில் பாதி அங்கே தெர்மாஸும் போர்வையுமாக வந்திருந்தது.

முதல் முழுக்கிலேயே டீகனின் சிவப்பு டேப் கழன்று மிதந்து போனதைக் கிளைவ் லென்ஸ் வழியாகப் பார்த்தான்.

"டேப் போச்சு ரே. டேப் போச்சு!"

இருந்தாலும் அவள் கையால் தண்ணீரைத் தள்ளுகிற விதத்தை வைத்துப் பிடித்துவிட்டான். ஓர் அலை எழுந்தது. "அவதான்" என்றான். பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தான். அவள் கையால் வலித்து வருவதை, எழுந்து நிற்பதை, அலையின் முகத்தில் இறங்குவதை எல்லாவற்றையும் அந்தக் கேமரா தட்டச்சு இயந்திரம்போலச் சடசடவென்று எடுத்தது. திடீரென்று சத்தம் நின்றது. அத்தனை படத்தையும் ஒரே மூச்சில் விழுங்க முடியாமல் கேமரா உறைந்துவிட்டது. கிளைவ் பட்டனைக் குத்து குத்து என்று குத்தினான். அப்போதுதான் எங்களைச் சுற்றி நின்றவர்கள் கத்தினார்கள். டீகன் குழாய்க்குள் போய், காணாமல் போய், மறுபக்கம் தண்ணீர்ப் புகையோடு வெளியே வந்தாள். கை இரண்டையும் தூக்கினாள்.

கிளைவ் அதை முழுசாகப் பார்த்தான், அந்தக் கண்ணாடி வழியாக, கண்ணிமை தெரிகிற மாதிரி. படம் மட்டும் இல்லை.

"யோசிக்குது!" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். "சனியன் பிடிச்ச கேமரா உட்கார்ந்து யோசிக்குது!" மணல் வாளியை ஓங்கி உதைத்தான். உதைத்தது பழுதான காலால். அப்புறம் அரைமணி நேரம் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். போய்விடலாம் என்றேன். காலை நீவிக்கொண்டே கடலைப் பார்த்தான்.

மதியத்துக்குச் சற்று முன்னால் அன்றைய மிகப் பெரிய அலை எழுந்தது. எழுந்து போய் கேமராவைப் பிடித்துக்கொண்டான். அலையின் உச்சியில் ஒரு கறுப்பு உருவம். "அவதான், அவதான்" என்று முணுமுணுத்தான். இந்த முறை அவசரப்படவில்லை. ஆள் எழுந்து, இறங்கி, அலை தலைக்கு மேல் வளைகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு அமுக்கினான். என் கண்ணுக்கு அது எறும்புதான். அவன் தலையைத் தூக்கினான்.

"கிடைச்சிருச்சு ரே."

அங்கேயே கேமராவின் இவ்வளவூண்டு திரையில் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. டீகனை நீரோட்டம் விரிகுடாவின் மறுகோடிக்கு இழுத்துவிட்டது. அங்கே கரையேறி அப்படியே பிற்பகல் ஷிஃப்டுக்குப் போகிறேன் என்று யாரிடமோ போன் வாங்கிக் கூப்பிட்டுச் சொன்னாள். நாங்கள் வீட்டுக்கு வந்து கார்டை லேப்டாப்பில் செருகினோம்.

அந்தப் படத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. பச்சைக் கண்ணாடியை வளைத்துச் செய்த கூரைபோல அலை. அதன் விளிம்பில் உடைகிற துளிகள் மணி மணியாக நின்றன. நடுவில் குனிந்த ஓர் உடம்பு, விரல் நுனியால் தண்ணீர்ச் சுவரைத் தொட்டபடி. கிளைவுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைப் பெரிதாக்கினான்.

முக்காட்டுக்குள் நரைத்த தாடிமயிர். என்றோ உடைந்து கோணலாகச் சேர்ந்த மூக்கு.

எனக்குப் புரிவதற்கு முன்பே அவன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான்.

"இது அவ இல்ல."

"பின்னே யாரு?" என்று கேட்டுக்கொண்டே குனிந்தேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. டாரில் ஹேக்கெட். உலகத்தில் வேறு யாரும் இல்லை என்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அழிச்சுடு" என்றான் கிளைவ்.

"எடுத்தது நீ. நீ அழி."

விரலைக் கொண்டுபோய் அந்தப் பட்டனுக்கு மேலே வைத்தான். அழுத்தவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு, மழை தூற ஆரம்பித்த நேரத்தில் கொல்லைக்குப் போய் விறகு பிளந்தான். அந்தக் குளிர்காலத்துக்கே போதுமான விறகு ஏற்கெனவே அடுக்கியிருந்தது.

டீகன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் படத்தைக் காட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, இது என் அலை. நான்தான் உள்பக்கம், அலை உடையற முனைக்குப் பக்கத்துல இருந்தேன். டாரில் என்னைப் பார்த்து 'போ, போ, உன்னோடது'ன்னு கத்தினாரு. எனக்குக் கீழே பார்த்ததும் பயம் வந்துருச்சு, விட்டுட்டேன். அப்புறம்தான் அவர் ஏறினாரு."

கதவருகே கிளைவ் நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. கையில் விறகு.

"அவன் உனக்கு விட்டுக்குடுத்தானா?"

"எப்பவும் குடுப்பாரு அப்பா. எனக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்தான். உள்பக்கம் யாராவது இருந்தா அவர் ஏறவே மாட்டாரு."

கிளைவ் விறகை அடுப்பங்கரையில் போட்டான். "இப்போ விடறான்" என்றான். "இப்போ எல்லாருக்கும் விடறான்."

அதற்குப் பிறகு கடல் அவனைப் பழிவாங்கியது என்றே சொல்ல வேண்டும். வாரக்கணக்கில் அலையே இல்லை. தினமும் போனான். தட்டையான தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நாள் டால்ஃபின் கூட்டம் ஒன்று துள்ளியது. "எடேன்" என்றேன். "எனக்கு எதுக்கு டால்ஃபின்?" என்று என்மேல் எரிந்து விழுந்தான். வீட்டில் கரண்டி விழுந்தால் சண்டை, கதவு சாத்தினால் சண்டை. டீகன் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை கிளைவ் போர்ட் லிங்கன் டவுனுக்குப் போய்வந்தான். லாரிக்கு ஏதோ வாங்கப் போனான் என்று நினைத்தேன். அட்டைக்குள் வைத்த பெரிய பிரிண்ட் ஒன்றோடு வந்தான்.

"வண்டியில ஏறு" என்றான்.

"எங்கே?"

"ஏறுன்னா ஏறு ரே. தனியாப் போனா நான் அடிச்சாலும் அடிச்சுடுவேன்."

டாரில் தன் கொட்டகையில் ஒரு படகு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். கிளைவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கிளைவ் அட்டையை நீட்டினான். டாரில் கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தான். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"நான்னு தெரிஞ்சா எடுத்தே?"

"தெரிஞ்சிருந்தா எடுத்திருப்பேனா?"

டாரில் மூக்கால் சிரித்தான். மறுபடியும் பார்த்தான். பிறகு சொன்னான், "படத்துல பலகையோட மூக்கு வெட்டுப்பட்டிருக்கு."

கிளைவ் வெடித்துவிட்டான்.

"மூக்கு வெட்டுப்பட்டிருக்கா? குளிர்காலம் பூரா அந்தக் காத்துல நின்னு நுரையும் குதிகாலுமா எடுத்தவன்டா நான்! பேக்கரியில தலை காட்ட முடியல! உருப்படியா வந்தது ஒரே ஒரு படம், அதுவும் உன் மூஞ்சி! அதுல மூக்கு இல்லேங்கறியா?"

கிளைவுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, வேறு ஆள் பேசுவதுபோலத் தணிந்த குரலில் கேட்டான்.

"அன்னிக்கு நான் வர்றதைப் பார்த்தியா, இல்லையா?"

டாரில் படத்தைப் பத்திரமாக வேலை மேசைமேல் வைத்தான்.

"பார்த்தேன்."



"நீ பின்வாங்கிடுவேன்னு நெனைச்சேன்" என்றான் டாரில். "அந்த அலை எனக்கு வேணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான் கிளைவ். வேற காரணம் இல்ல."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் வரல?"

"வந்திருந்தா இதைக் கேட்டிருப்பே."

அடித்துவிடுவான் என்று நினைத்து நான் ஓரடி முன்னால் வைத்தேன். கிளைவ் அடிக்கவில்லை. "கேட்டிருப்பேன்" என்றான். திரும்பி நொண்டிக்கொண்டே வாசல்வரை போனான். அங்கே நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னான், "வெயில் படற இடத்துல மாட்டாதே. வெளுத்துடும்."

வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாவியைத் திருகவில்லை.

"பார்க்கலேன்னு பொய் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

"நம்பியிருக்க மாட்டேன். ஆனா காலம் பூரா திட்டிக்கிட்டே இருந்திருக்கலாம்."

டீகன் செப்டம்பரில் டார்வினுக்குப் போய்விட்டாள். பொய்ப்பல் குழாய்க்குள் அவள் நிற்கிற படம் கிடைக்காமலேதான் போனாள். டாரில் தன் படத்தைக் கொட்டகையில் நிழலான சுவரில் மாட்டினான். பார்த்தவர்கள் பேக்கரியில் போய்ச் சொன்னார்கள். எங்களையும் எடுத்துத் தா என்று ஆளாளுக்கு வீடு தேடி வந்தார்கள். கிளைவ் ஒருவனுக்கும் எடுக்கவில்லை. "நான் போட்டோகிராபர் இல்ல. எனக்கு வேண்டியது ஒரே ஒரு படம்" என்று கதவைச் சாத்தினான். ஷெரில் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். அது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஜூலையில் டீகன் ஒரு வாரம் லீவு போட்டு வந்தாள். கிளைவ் கேமராவுக்குப் புதிய கார்டு, வேகமானது, வாங்கி வைத்திருந்தான். கடல் அந்த வாரம் முழுக்க மேசைவிரிப்புபோலக் கிடந்தது. அவள் பலகையை எடுத்துக்கொண்டு போவதும், ஈரமில்லாமல் திரும்பி வருவதுமாக இருந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம், அவள் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்க, நாங்கள் இருவரும் கிளிஃப் மேல் நின்றிருந்தோம். டாரிலின் வண்டி வந்து சற்றுத் தள்ளி நின்றது. அவன் இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"தெற்கே புயல் ஒண்ணு கிளம்பியிருக்கு" என்றான், கடலைப் பார்த்துக்கொண்டே. "போன வருஷத்துதைவிடப் பெரிசாம். வியாழக்கிழமை இங்கே வரும்."

கிளைவும் கடலைத்தான் பார்த்தான்.

"அவளுக்குப் புதன்கிழமை ஃப்ளைட்."

"அட, எழவே" என்றான் டாரில்.

"ஆமா" என்றான் கிளைவ். லென்ஸுக்கு மூடியை மாட்டினான்.